பீரங்கி இருந்தும் நட்சத்திரக் கோட்டைகளைப் பிடிக்க ஏன் அத்தனை நாள் ஆயிற்று?

மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போலத் தெரியும் ஐரோப்பியக் கோட்டைகளைக் குறிப்பிட்டு, பீரங்கிகள் பெருகிவிட்ட 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அப்படியொரு கோட்டையைப் பிடிக்க ஏன் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆயிற்று, தொலைவில் நின்றே சுவரைத் தகர்த்துவிட்டு உள்ளே புகுந்திருக்கலாமே, உண்மையில் பட்டினி போட்டுத்தான் பணியவைத்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பீரங்கியின் வலிமையைப் பற்றியதாகத் தோன்றினாலும் நீங்கள் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். சுவரை உடைக்க வல்ல கருவி கையில் இருந்தும், அதை நிறுத்திச் சுட வேண்டிய இடத்தை அடைவது ஏன் அவ்வளவு அரிதாக இருந்தது என்பதுதான் அது. போரியல் வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன். என் படிப்பு பெரும்பாலும் பிரான்சு, நெதர்லாந்து எல்லைப் பகுதிகளின் முற்றுகைகளைச் சார்ந்தது. உதுமானியத் துருக்கியர் நடத்திய முற்றுகைகளைப் பிறருடைய ஆய்வுகள் வழியாகவே அறிவேன். எனவே அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோட்டை ஏன் அந்த வடிவத்தை எடுத்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படையெடுத்தபோது, குதிரைகள் இழுத்துச் செல்லக்கூடிய வெண்கலப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் அவரோடு வந்தன. உயரமும் மெலிவுமாக எழுப்பப்பட்டிருந்த பழைய கல்மதில்கள் அவற்றுக்கு நின்று தாங்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தினார்கள், தடிப்பாக்கினார்கள், கல்லுக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள். நம் ஊர் ஏரிக்கரையின் உட்சரிவில் கல் பதித்திருப்பார்களே, ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். பாரத்தைத் தாங்குவது மண், அதைச் சரியாமல் பிடித்து வைப்பது மட்டுமே கல்லின் வேலை. குண்டு மண்ணில் புதையுமே தவிர மண்ணைச் சிதறடிக்காது. வட்டக் கோபுரங்களுக்குப் பதிலாக அம்புமுனை வடிவக் கொத்தளங்கள் வந்ததற்கும் தெளிவான காரணம் உண்டு. வட்டக் கோபுரத்தின் அடியில், உள்ளே இருப்பவர் எவராலும் சுட முடியாத ஒரு மூலை எப்போதும் இருக்கும். சுவரைத் தோண்ட வருபவன் அங்கே ஒண்டிக்கொள்வான். அம்புமுனைக் கொத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த கொத்தளத்தின் விலாவிலிருந்து நேர்கோட்டில் சுட முடியும். கொத்தளங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு விடலாம் என்பதைத் தீர்மானித்தது காலாள்வீரனின் துப்பாக்கி எட்டும் தூரம்.

ஆனால் முற்றுகையிட்டவரைத் தடுத்ததில் கொத்தளத்தைவிடப் பெரிய பங்கு, படங்களில் யார் கண்ணிலும் படாத ஒரு சரிவுக்கு உண்டு. வெளியிலிருந்து கோட்டையை நோக்கி நடந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மரமோ புதரோ இல்லாத வெற்றுத் தரை, மிக மெதுவாக மேல்நோக்கி ஏறுகிறது. அதன் உச்சிக்கு அப்பால், உங்கள் கண்ணுக்குப் படாமல், காவல்வீரர்கள் நின்று சுடுவதற்கான மறைவழி அகழியின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓடுகிறது. அதை ஒட்டி அகழி செங்குத்தாக இறங்குகிறது. அகழிக்கு அப்பால்தான் கல்மதில். அந்த மதிலின் தலை, நீங்கள் ஏறிவந்த சரிவின் உச்சியோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும்படி அளந்து கட்டியிருப்பார்கள். அதனால் வயலில் பீரங்கியை நிறுத்திப் பார்ப்பவனுக்குத் தெரிவது மேலே உள்ள மண்கரை மட்டுமே. உடைக்க வேண்டிய கல்சுவர் அவன் கண்ணுக்கே எட்டாது. அக்காலப் பீரங்கியோ கண்ணுக்குத் தெரிந்ததை நேராகச் சுடுவது. மதிலின் அடிப்பகுதியைக் காண வேண்டுமானால் அகழியின் விளிம்புக்கே பீரங்கியைக் கொண்டுசெல்ல வேண்டும். அதாவது, நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் பத்துக்கணக்கான பீரங்கிகளும் ஒரே திசையில் சுட்டுக்கொண்டிருக்கும் அரை கிலோமீட்டர் வெற்றுத் தரையைக் கடந்தாக வேண்டும். உங்கள் கேள்வியின் விடை பெரும்பாலும் இந்த அரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

அதைக் கடக்காமலே கோட்டையைப் பெறுவதற்கும் வழிகள் இருந்தன. சூது அவற்றுள் ஒன்று. 1590இல் டச்சுக்காரர்கள், எரிபொருளாகப் பயன்படும் கரிமண்ணை ஏற்றிய படகொன்றின் அடித்தளத்தில் ஏறத்தாழ 70 வீரர்களை ஒளித்து பிரெடா கோட்டைக்குள் அனுப்பிப் பிடித்தார்கள். 1597இல் குடியானவர் வேடமிட்ட ஸ்பானிய வீரர்கள் அமியென் நகர வாயிலில் வால்நட் மூட்டையைச் சிந்தவிட்டு, காவலர்கள் பொறுக்கக் குனிந்த நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். கதவில் வெடிகுடுவையைப் பொருத்தித் தகர்ப்பதும் உண்டு. நகரத்தின்மேல் எரிகுண்டுகளைப் பொழிந்து மக்களை அச்சுறுத்துவது இன்னொரு வழி. 1695இல் பிரெஞ்சுத் தளபதி வில்லெருவா பிரசல்ஸ் நகரின் நடுப்பகுதியை அப்படி எரித்தார். ஆனாலும் அவர் திசைதிருப்ப நினைத்த முற்றுகை, அதாவது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த நமூர் கோட்டைமேல் எதிரிகள் நடத்திய முற்றுகை, நின்றுவிடவில்லை, அந்தக் கோட்டை விழத்தான் செய்தது. வீட்டை எரிப்பதால் கொத்தளம் இளகுவதில்லை என்பதைத் தொழில் தெரிந்த பொறியாளர்கள் அப்போதே சொல்லிவந்தார்கள்.

பட்டினி போடுவதைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருப்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். அது உண்மையாகவே கையாளப்பட்ட முறைதான். ஸ்பெயினின் தளபதி ஸ்பினோலா பிரெடாவை 1624 ஆகஸ்டில் சூழ்ந்து, 1625 ஜூன் வரை காத்திருந்து, பெரும்பாலும் பசியால்தான் அதைப் பணியவைத்தார். ஆனால் அந்தப் பத்து மாதங்களில் நகருக்குள் இருந்தவர்களோடு வெளியே இருந்த படையும் பசியிலும் நோயிலும் தேய்ந்தது. பல்லாயிரம் ஆட்களும் குதிரைகளும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கினால் சுற்றுவட்டார வைக்கோலும் தானியமும் தீர்ந்துவிடும். வயிற்றுக்கடுப்பு கூடாரம் கூடாரமாகப் பரவும். மேலும், கடல்வழி திறந்திருந்தால் பட்டினி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒஸ்டெண்ட் நகரம் 1601 முதல் 1604 வரை ஸ்பானியரின் முற்றுகையை மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்ததற்கு, கப்பல்கள் அதற்குள் உணவும் புதிய வீரர்களும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்ததே முதற்காரணம். ஆகவே நேரமும் பணமும் தாராளமாக உள்ளவனுக்கும் வேறு வழியில்லாதவனுக்கும் உரிய முறை என்றே பட்டினியை நான் கருதுகிறேன். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு போன்ற அரசுகள் அதைவிட விரைவான வழியைக் கண்டுவிட்டன.

அந்த வழி இப்படித் தொடங்கும். குதிரைப்படை முன்னறிவிப்பின்றி வந்து கோட்டைக்குச் செல்லும் சாலைகள் அனைத்தையும் அடைக்கும். காலாட்படை வந்து சேர்ந்ததும், அக்கம்பக்கத்துக் குடியானவர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துவந்து கோட்டையைச் சுற்றி இரண்டு மண்வரம்புகள் எழுப்புவார்கள். உள்நோக்கியது காவற்படை வெளியே பாய்ந்து வராமல் தடுக்க. வெளிநோக்கியது மீட்க வரும் படையைத் தடுக்க. 1629இல் டச்சு இளவரசர் பிரெடரிக் ஹென்றி, சதுப்பு சூழ்ந்ததால் பிடிக்கவே முடியாது என்று பெயர்பெற்ற செர்டோகன்பாஸ் நகரை முற்றுகையிட்டபோது, பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கட்டி, ஆற்று நீரைத் திருப்பி, ஆலைகளைக் கொண்டு உள்ளே இருந்த நீரை இறைத்துச் சதுப்பைத் தரையாக்கிய பிறகே பள்ளம் தோண்டத் தொடங்கினார். செப்டம்பரில் நகரம் விழுந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே வாழப் பழகியவர்கள் அந்தக் கைத்திறனைப் போருக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பிறகு பெரும்பீரங்கிகள் வர வேண்டும். மதிலை உடைக்கும் பீரங்கி 24 பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டை எறிவது. அதன் எடையோ டன் கணக்கு. 1708இல் ஆங்கிலத் தளபதி மார்ல்பரோவும் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினும் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த லீல் நகரை முற்றுகையிட்டபோது பிரசல்ஸிலிருந்து புறப்பட்ட வண்டித்தொடரில் 80 பெரும்பீரங்கிகளும் குண்டை உயரே எறியும் குட்டைப் பீரங்கிகளான மோர்ட்டார்கள் 20உம் ஏறத்தாழ 3,000 வண்டிகளும் இருந்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒற்றை ஊர்வலத்தைக் காப்பதற்கே இரண்டு படைகள் இருபுறமும் நடந்தன. அது வழியில் சிக்கியிருந்தால் முற்றுகையே நடந்திருக்காது.

இனித் தோண்டும் வேலை. இதில் முத்திரை பதித்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் வோபான். 1633இல் பிறந்து 1707இல் இறந்த இவர், ஏறத்தாழ ஐம்பது முற்றுகைகளில் பங்கேற்றவர். 1673இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நேரில் சென்று மாஸ்திரிக்ட் நகரை முற்றுகையிட்டபோது வோபான் தம் முறையை முதன்முதலாக முழுமையாகக் கையாண்டார். அதற்கு முன்பும் பள்ளம் தோண்டி முன்னேறினார்கள்; ஆனால் தோண்டுபவர்கள் ஒற்றை வழியில் தனித்துச் செல்வதால், இரவில் காவற்படை வெளியே பாய்ந்து அவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு நாள்கணக்கான உழைப்பை மூடிவிட்டுப் போய்விடும். வோபான் செய்த மாற்றம் இதுதான். மதிலிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவில், தாக்கவிருக்கும் முகப்புக்கு இணையாக நீண்ட பள்ளமொன்றை இரவோடிரவாக வெட்டி, அதில் படைப்பிரிவுகளை நிறுத்தினார். அதிலிருந்து கோட்டையை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள் புறப்பட்டன. நேராக வெட்டினால் மதிலின்மேல் உள்ள பீரங்கி ஒரே குண்டில் அந்தப் பள்ளத்தை முழுநீளத்துக்கும் துடைத்துவிடும் என்பதால்தான் அந்த வளைவு. பாதித் தொலைவு போனதும் இரண்டாவது இணைப்பள்ளம், சரிவுத்தரையின் அடிவாரத்தில் மூன்றாவது. முன்னால் தோண்டுபவனுக்கு ஆபத்து வந்தால் அருகிலேயே ஆயுதத்தோடு ஒரு படை எப்போதும் நிற்கும். மாஸ்திரிக்டில் ஜூன் 17 இரவு பள்ளம் தொடங்கியது; ஜூன் 30 அன்று நகரம் பணிந்தது. பதின்மூன்றே நாள்.

அந்தப் பள்ளத்தின் முனையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். துப்பாக்கிக் குண்டு எட்டும் தொலைவுக்குள் வந்துவிட்டபின், திறந்த வெளியில் நூறு பேரை நிறுத்தித் தோண்ட முடியாது. நான்கு பேர் கொண்ட குழுதான் முன்னே செல்லும். முதலாமவன் மண்டியிட்டு, தனக்கு முன்னால் ஒரு மரத்தடுப்பைத் தள்ளிக்கொண்டு, பக்கவாட்டில் அடிப்பகுதியில்லாத பிரம்புக்கூடை ஒன்றை நட்டு வைத்து, தோண்டிய மண்ணை அதற்குள்ளேயே போட்டு நிரப்புவான். அவன் தோண்டுவது ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் மட்டுமே. பின்னால் வரும் ஒவ்வொருவனும் அதை அரையரை அடி அகலமாக்கி ஆழமாக்கிச் செல்ல, நான்காமவன் கடக்கும்போது மூன்றடிப் பள்ளம் ஆகிவிடும். கூடைகளின் இடுக்குகளைச் சுள்ளிக்கட்டுகளால் அடைப்பார்கள். அதன் பின்னரே சாதாரண வேலையாட்கள் வந்து பள்ளத்தைப் படையும் பீரங்கியும் போகுமளவுக்கு விரிப்பார்கள். இவர்களுக்கு நாட்கூலி கிடையாது. தோண்டிய நீளத்துக்குக் கூலி, கோட்டையை நெருங்க நெருங்கக் கூலி விகிதமும் ஏறும். முனையில் இருப்பவன் சாவது சாதாரணமாக நடந்தது. உடனே பின்னால் இருப்பவன் அவன் இடத்துக்கு வருவான். வீரச்செயல் என்று அன்று எவரும் இதைப் பாடவில்லை. ஆனால் கோட்டைகளை விழவைத்தவர்களில் இவர்களையே நான் முதலில் வைப்பேன்.

தோண்டுபவர்கள் முன்னேறும்போது, மதிலின்மேல் உள்ள பீரங்கிகளை வாய் திறக்கவிடாமல் செய்ய வேண்டும். நேருக்கு நேர் சுடுவதால் பெரிதாகப் பயனில்லை, மண்கரை காத்துவிடும். வோபான் கண்ட வழி எளிமையானது. கொத்தளத்தின் ஒரு பக்கத்தை அப்படியே நீட்டினால் வெளியே எந்த இடத்தில் முட்டுமோ அந்த இடத்தில் பீரங்கியை நிறுத்தி, வழக்கத்தைவிடக் குறைந்த மருந்திட்டுச் சுட வேண்டும். குண்டு கரையின் மேல் தாவி உள்ளே விழுந்து, மதில்தளத்தின் நீளம் முழுக்கத் துள்ளித் துள்ளி ஓடும். வழியில் உள்ள பீரங்கி வண்டிகளின் சக்கரங்களும் வீரர்களின் கால்களும் முறியும். 1688இல் பிலிப்ஸ்பர்கில் இதைச் சோதித்துப் பார்த்தவர், 1697இல் ஆத் என்னும் கோட்டையின் முற்றுகையில் முழுமையாகப் பயன்படுத்தினார். பள்ளம் தொடங்கி இரண்டு வாரத்தில் ஆத் பணிந்தது. பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர்தான் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கோட்டையை முன்பு வடிவமைத்துப் புதுப்பித்தவரும் வோபானேதான். அதன் நலிவுகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது என்பதால், ஆத்தை ஒரு பொது அளவுகோலாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது இணைப்பள்ளத்திலிருந்து மறைவழியைக் கைப்பற்றுவதுதான் மிகுந்த இரத்தம் சிந்திய கட்டம். பொறுமையாகத் தோண்டிச் சென்றும் பிடிக்கலாம், கூட்டமாகப் பாய்ந்தும் பிடிக்கலாம். அரசர்களும் தளபதிகளும் பாயச் சொல்வார்கள். வோபான் தோண்டச் சொல்வார். மாஸ்திரிக்டில் டோங்கெரன் வாயிலுக்கு முன்னால் இருந்த முன்னரணைப் பாய்ந்து பிடித்தார்கள், உள்ளே இருந்தவர்கள் எதிர்த்தாக்கி அதை மீட்டார்கள், மறுபடியும் பாய்ந்தார்கள். அந்த மோதலில் ஜூன் 25 அன்று, பிற்காலக் கதைகளால் உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு அதிகாரி தார்தன்யான் உயிரிழந்தார். மறைவழி கைக்கு வந்ததும் பெரும்பீரங்கிகளை இழுத்துவந்து அகழியின் விளிம்பிலேயே நிறுத்துவார்கள். இப்போதுதான் மதிலின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் கிடைக்கோடாகச் சுட்டு ஒரு வெட்டு, அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக மேலேறும் வெட்டுகள். பிறகு எல்லாப் பீரங்கிகளும் ஒருசேரச் சுட்டால் அறுபட்ட துண்டு முன்னால் சாய்ந்து, பின்னிருக்கும் மண்ணும் சரிந்து, அகழிக்குள் ஏறிச் செல்லத்தக்க மேடாகிவிடும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் உடைப்பு உண்டாக்குவது சில நாள் வேலைதான். உங்கள் கேள்வியில் முதலில் நிற்கும் செயல் முற்றுகையில் ஏறத்தாழக் கடைசியில் வருவது இதனால்தான்.

மண்ணுக்கு மேலே இவ்வளவும் நடக்க, மண்ணுக்கு அடியில் இன்னொரு போர் நடந்தது. மதிலின் அடியில் சுரங்கம் வெட்டி வெடிமருந்து நிரப்பித் தகர்க்கும் முறையை 1503இல் நேப்பிள்ஸில் ஸ்பானியப் படையின் பெத்ரோ நவாரோ வெற்றிகரமாகக் கையாண்டார். 1522இல் ரோடிஸ் தீவை உதுமானியர் முற்றுகையிட்டபோது, காவல்தரப்புப் பொறியாளர் தாதீனி, தோலை இழுத்துக் கட்டி அதில் சிறு மணிகளைத் தொங்கவிட்டு, அடியில் யாராவது தோண்டினால் மணி அசையும்படி செய்து, எதிர்ச்சுரங்கம் வெட்டி அவர்களைத் தடுத்தார். சுரங்கப் போரில் உதுமானியருக்கு நிகர் வேறு எவரும் இல்லை என்பதை அவர்களுடைய எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். வெனிஸ் வசமிருந்த கிரீட் தீவின் கண்டியா நகரத்தை அவர்கள் முற்றுகையிட்டது 1648இல் தொடங்கி 1669இல் முடிந்தது. அதன் இறுதி ஆண்டுகளில் இரு தரப்பும் ஒருவர் சுரங்கத்தை மற்றவர் தேடி அழித்துக்கொண்டே இருந்தார்கள். 1683இல் வியன்னாவுக்கு வந்த உதுமானியத் தலைமை அமைச்சர் காரா முஸ்தபாவிடம் மதிலை உடைக்கத்தக்க பெரும்பீரங்கிகள் மிகக் குறைவு. அவர் பள்ளத்தையும் சுரங்கத்தையுமே நம்பினார். செப்டம்பர் முதல் வாரத்தில் பெரும் உடைப்புகளையும் உண்டாக்கிவிட்டார். அவரைத் தோற்கடித்தது கோட்டைக்குள் இருந்தவர்களின் உறுதி மட்டுமல்ல. வெளிநோக்கிய மண்வரம்பை அவர் முறையாக எழுப்பவில்லை. செப்டம்பர் 12 அன்று போலந்து மன்னர் சோபியெஸ்கியின் தலைமையில் வந்த மீட்புப்படை மலைச்சரிவிலிருந்து இறங்கி முற்றுகைப்படையைச் சிதறடித்தது.

உடைப்பு உண்டானபின் என்ன நடக்கும்? பெரும்பாலும் யாரும் உள்ளே பாய மாட்டார்கள். கோட்டை ஆளுநர் முரசறைந்து பேச்சுவார்த்தைக்கு அழைப்பார். இதற்குப் பின்னால் எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. உடைப்பு ஏறத்தக்கதாக ஆகும்வரை எதிர்த்து நின்றவர் தம் கடமையை முடித்தவராகக் கருதப்படுவார்; கொடி பறக்க, முரசு ஒலிக்க, தம் ஆயுதங்களோடும் சில பீரங்கிகளோடும் வெளியேறி அடுத்த கோட்டைக்குப் போகலாம். அதற்கு மேலும் எதிர்த்து, தாக்கிப் பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் உயிருக்கும் உடைமைக்கும் எந்த உறுதியும் இல்லை. 1631 மே மாதம் ஜெர்மானிய நகரமான மாக்டபர்க் அப்படிப் பிடிக்கப்பட்டபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அந்த நினைவு ஒவ்வொரு நகர மன்றத்தின் தலையிலும் தொங்கியது. எனவே இது நாகரிகமான போர்முறை என்று சிலர் எழுதுவதை நான் பாதிதான் ஏற்பேன். அந்த மரியாதைகளுக்கெல்லாம் பின்னால் நின்றது மாக்டபர்க் பற்றிய அச்சம்தான்.

இவை எல்லாவற்றுக்கும் வோபான் ஒரு கால அட்டவணையே போட்டார்: மொத்தம் 48 நாள். சூழ்ந்து பொருள் சேர்க்க 9, பள்ளம் தொடங்கி மறைவழியை எட்ட 9, மறைவழியைப் பிடிக்க 4 என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்து, முற்றுகையிடுபவரின் பிழைகளுக்கும் காவற்படையின் துணிச்சலுக்கும் சேர்த்து இறுதியில் 4 நாள் ஒதுக்குகிறார். தம் தரப்புப் பிழைகளுக்கும் நாள் ஒதுக்கிய திட்டக்காரர்கள் எக்காலத்திலும் அரிது. ஆனால் இது நன்கு அமைந்த கோட்டைக்கும் நன்கு நடக்கும் முற்றுகைக்கும் உரிய கணக்கு. மாஸ்திரிக்ட் அதைவிட விரைவாக விழுந்தது. லீலில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் புஃப்ளேர் நகரத்தை மட்டும் பள்ளம் தொடங்கியதிலிருந்து இரண்டு மாதம் காத்தார். பிறகு உள்கோட்டைக்குள் ஒதுங்கி டிசம்பர் வரை நின்றார். 1706இல் தூரின் நகரத்தைச் சூழ்ந்த பிரெஞ்சுத் தளபதி வோபானின் அறிவுரையைப் புறக்கணித்து உள்கோட்டையின் வலிமையான முகப்பையே தாக்கினார். எதிர்ச்சுரங்கங்களில் சிக்கி நாள்கள் கழிந்தன, செப்டம்பர் 7 அன்று யூஜினின் மீட்புப்படை வந்து முற்றுகையை முறித்தது. அட்டவணையைக் குலைத்தவை பெரும்பாலும் முகப்பைத் தேர்ந்ததில் செய்த தவறு, மழை, வெடிமருந்துப் பற்றாக்குறை, மீட்புப்படை ஆகியவையே. கொத்தளத்தின் கோணம் 70 பாகையா 80 பாகையா என்று அக்காலக் கோட்டை நூல்கள் பக்கம் பக்கமாக வாதிட்ட வேறுபாடுகள் எந்த முற்றுகையின் முடிவையும் மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவற்றில் மறைவழி, சரிவுத்தரை, பள்ளம், உடைப்பு ஆகியவற்றின் செயல்முறையில் ஐயத்துக்கு இடமில்லை; வரைபடங்களும் நாட்குறிப்புகளும் இன்றும் நிற்கும் கோட்டைகளும் சான்று. ஐயத்துக்குரியவை வேறு. இணைப்பள்ளம் என்ற எண்ணத்தை வோபான் கண்டியாவில் உதுமானியர் வெட்டிய பள்ளங்களிலிருந்து பெற்றார் என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே போரிட்டுத் திரும்பிய பிரெஞ்சு அதிகாரிகள் இருந்தார்கள் என்பதால் அது இயலாததன்று. ஆனால் நேரடிச் சான்று மெலிதானது, ஒரே தேவை இரண்டு இடங்களில் ஒரே தீர்வைத் தந்திருக்கவும் கூடும். அதுபோலவே, இந்தக் கோட்டைகளின் பெருக்கம்தான் ஐரோப்பியப் படைகளைப் பன்மடங்காக்கியது, வரி வாங்கும் பேரரசுகளையே உருவாக்கியது என்ற வாதமும் புகழ்பெற்றது. முற்றுகைக்கு ஆள் அதிகம் தேவை என்பது உண்மை. ஆனால் மக்கள்தொகையும் வணிகமும் வளர்ந்ததால் அரசர்களிடம் பணம் சேர்ந்தது என்பதும் உண்மை. எது காரணம், எது விளைவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எனக்கு இரண்டாவது தரப்பின் வாதம் சற்று வலுவாகப் படுகிறது.

இந்த முறை நம் கடற்கரைக்கும் வந்தது. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி அட்மிரல் பாஸ்காவன் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை முற்றுகையிட்டார். அது ஐரோப்பிய முறையில் அரண் செய்யப்பட்ட நகரம். முதலில் அரியாங்குப்பத்தில் இருந்த சிறு முன்னரணில் நாள்களை வீணடித்தார். பிறகு நகரத்தின் வடமேற்கில், மதிலிலிருந்து ஏறத்தாழ 1,500 கஜத் தொலைவில் முதற்பள்ளத்தைத் தொடங்கினார். வழக்கமான தொலைவின் இருமடங்குக்கும் மேல் அது. இடையில் சதுப்பு வேறு. பீரங்கிகள் மதிலுக்கு எந்தச் சேதமும் செய்யாத தொலைவில் நின்று சுட்டுக்கொண்டிருக்க, வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரைச் சண்டையிலும் நோயிலும் இழந்து அக்டோபரில் திரும்பினார். அந்த நாள்களை ஊருக்குள் இருந்தபடியே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார்; தமிழில் ஒரு முற்றுகையை உள்ளிருந்து படிக்க விரும்பினால் அங்கிருந்து தொடங்கலாம். பத்தாண்டுக்குப் பின் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிராக விதிப்படி பள்ளம் வெட்டி உடைப்பும் உண்டாக்கினார். ஆனால் உடைப்பில் ஏற முடிந்தாலும் அதை அடையும் வழி பக்கவாட்டுச் சூட்டுக்கு இலக்காகிறது என்று அவருடைய பொறியாளர்களே தாக்குதலுக்கு உடன்படவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் முற்றுகையைக் கைவிட்டார். மறுபுறம், 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைத் தரையிலும் கடலிலும் அடைத்து, 1761 சனவரியில் பசியால் பணியவைத்தார். கடலைத் தன் கையில் வைத்திருப்பவனுக்குப் பட்டினியும் சிறந்த ஆயுதம்தான் என்பதற்கு இது சான்று. ஒஸ்டெண்டில் ஸ்பானியருக்கு இல்லாதிருந்த கடல் ஆதிக்கம் அயர் கூட்டுக்கு இருந்தது.

இந்த முறை எப்போது முடிவுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது முதலில் சொன்ன காரணத்தையே உறுதிப்படுத்துகிறது. மதிலின் அடிப்பகுதியைக் கண்ணால் பார்த்தால்தான் உடைக்க முடியும் என்ற கட்டுப்பாடு இருந்தவரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், வோபானின் வழி பெரிதாக மாறாமல் கையாளப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குழலின் உட்புறத்தில் சுருள்வரி வெட்டிய பீரங்கிகள் வந்தன; அவை தொலைவிலிருந்து, துல்லியமாக, சரிவுத்தரையின் உச்சியைத் தாண்டி இறங்கும் கோணத்தில் சுட வல்லவை. 1870இல் ஸ்ட்ராஸ்பர்கை முற்றுகையிட்ட ஜெர்மானியர் பழைய வழக்கப்படி இணைப்பள்ளங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மதிலில் உடைப்பை உண்டாக்கியது, அந்த மதிலைப் பார்க்கவே முடியாத இடத்தில் நின்ற பீரங்கி.